தெருவைக் கடக்கும் கோப்புகள்

கதான்ஸ்க் நகரில்
குழந்தைகள் மருத்துவமனைக்கும்
பெரியவர்கள் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு தெரு.
டிராம் தண்டவாளம், ஒரு வேகத்தடை,
எள் தூவிய ரொட்டி வளையம் விற்கும் ஒருவன்.
நாற்பத்தோரு தப்படி. எண்ணியிருக்கிறேன்.
கோப்புத் தள்ளுவண்டி என்னுடையது.

பதினெட்டு முடிந்த மறுநாள்
பிள்ளைகளின் கோப்பு தெருவைக் கடக்கும்.
பிள்ளைகள் கடப்பது அப்புறம்.
சிலர் கடப்பதேயில்லை
(செத்ததால் அல்ல,
யாரும் கூப்பிடாததால்).

இந்தப் பக்கம், சுவரில் ஒட்டகச்சிவிங்கி.
பதினேழு வயது போக்னாவின் பாதங்கள்
கட்டிலைத் தாண்டி நீண்டிருக்கும்.
பக்கத்துக் கட்டிலில் மூன்று வயது
பொம்மை ரயிலுக்காகக் கூவும்.
அவளோ போர்வைக்குள் ஒரு பையனுக்குச் செய்தி எழுதுவாள்:
‘காய்ச்சல்தான். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன்.’
பதினோரு வெள்ளி.

அந்தப் பக்கம், தோபியாஷுக்குப் பத்தொன்பது.
அறையில் மற்ற மூவருக்கும் சேர்த்து
இருநூற்றிருபது.
அவர்கள் பென்ஷன் பேசுவார்கள், புரோஸ்டேட் பேசுவார்கள்.
அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்
கணக்குத் தேர்வுக்குப் படிப்பதாக நடிப்பான்.
‘விந்தைச் சேமித்து வைக்கலாமா?’ என்று
அவனைக் கேட்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார்.
மருந்து திங்களன்று ஏறத் தொடங்கியது.
அவர் வியாழனன்று வந்தார்.

சின்னவர்களுக்குக் கோமாளி வருவார்,
முதியவர்களுக்குப் பாதிரியார்.
நடுவில் இருப்பவர்களுக்கு
சக்கரம் கிறீச்சிட நான் வருவேன்.

ஒன்பது ஆண்டு கழித்து, போன பிப்ரவரியில்,
என் ஜன்னலுக்கு வந்தாள் போக்னா.
முடி அடர்ந்திருந்தது. முழங்காலில் உலோகம்,
நடையில் ஒரு காற்புள்ளி.
மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.
புது டாக்டர் கேட்டாராம்:
அந்தச் சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது?
‘எனக்கு ஒன்றுக்குப் போன நிறம்தான்
நினைவிருக்கிறது,’ என்றாள்.

குணமாகிவிட்டாய் என்று கைகுலுக்கியவர்கள்
இதயத்தைக் கவனி என்று சொல்லவில்லை.
சொன்னார்கள், கோப்பில்:
அறுபத்து நான்காம் பக்கம், சாய்ந்த கையெழுத்து,
‘ஆண்டுதோறும் எக்கோ.’
அந்தப் பக்கம்
அந்தப் பக்கத்துக்குப் போகவேயில்லை.
நிலவறையில், ஈரம் தின்ற பெட்டியில் கிடந்தது.

கொண்டுபோனவன் நான்.
வண்டி நிறைந்தால் தடித்த கோப்பைப் பிரித்து
முக்கியமானதை மட்டும் எடுத்துப் போ என்பது விதி.
எது முக்கியம் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அவள் திட்டவில்லை.
பையிலிருந்து வங்கிக் கடன் படிவத்தை எடுத்து
ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினாள்:
கடும் நோய் இருந்ததுண்டா?
‘உண்டென்றால் வீடில்லை. இல்லையென்றால் பொய்.
பொய் எனக்குப் பழக்கம்தான், வெள்ளிக்கிழமைகளில்.’
சிரித்தாள். அதற்கும் மூச்சு வாங்கியது.

இப்போது ஒவ்வொரு கோப்பின் மேலும்
ஒரு மஞ்சள் தாள் குத்துகிறேன்.
நர்ஸ் கிங்கா, வேலை முடிந்த பின், நிரப்பித் தருகிறாள்:
என்ன மருந்து, எவ்வளவு,
கதிர் எங்கே பட்டது,
எதை எப்போது பார்க்க வேண்டும், யார்.
‘யார்’ என்ற வரி பெரும்பாலும் காலி.
நிர்வாகத்துக்கு எழுதினோம்.
அடுத்த நிதியாண்டு என்றார்கள்.

காலி வரியில் கிங்கா
பென்சிலால் தன் தொலைபேசி எண்ணை எழுதுகிறாள்.
நூற்றுப் பதினேழு பேரிடம் இருக்கிறது அந்த எண்.
ராத்திரி இரண்டு மணிக்கும் அடிக்கிறது:
‘தோளில் ஒரு கட்டி, அதுவா?’
‘வேலைக்கு விண்ணப்பிக்கிறேன், சொல்லணுமா?’
அவளுக்கு ஏப்ரலில் பிரசவம்.
அப்புறம்?

நேற்று, பதினெட்டு வயதும் ஒரு நாளும் ஆன பெண்ணொருத்தி
வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்:
‘என் கோப்புதானே, நானே தள்ளுகிறேன்.’
டிராம் மணியடித்தது. பிறகு காத்து நின்றது.
எனக்கு நாற்பத்தோரு தப்படி.
அவளுக்கு அறுபதுக்கு மேல் ஆனது.
நடுவில் மூன்று முறை நின்றோம்.